ஆற்றுவாயை எப்போது வெட்டுவது?

மட்டக்களப்பில் பேச்சுவாக்கில் யாரும் ‘வாவி’ என்று சொல்வதில்லை. அது பாடப்புத்தகத்துச் சொல். வரவேற்பு வளைவுகளில் எழுதுகிற சொல். வாயில் வருவது ஆறுதான். ஆற்றில் தண்ணி ஏறுது, ஆற்றங்கரைப் பக்கம் போகாத, ஆற்றுவாய் வெட்டியாச்சா? கடைசிக் கேள்வி கார்த்திகை, மார்கழியில் கிளம்பும். வயல்காரர் கேட்டால் அதில் பதற்றம் இருக்கும். தோணிக்காரர் கேட்டால் கோபம் இருக்கும்.

வடக்கே ஏறாவூர்ப் பக்கத்தில் தொடங்கித் தெற்கே கல்முனை வரை சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்த ஆறு கடலைத் தொடுவது இரண்டே இடங்களில்: பாலமீன்மடு முகத்துவாரத்திலும், தெற்கே கல்லாற்றிலும். கோடையில் கடலலை மணலை ஒதுக்கி வாயை அடைத்துவிடும். மாரியில் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் என்று மேற்கேயுள்ள குளங்கள் நிரம்பி வான்பாய, அந்தத் தண்ணீரெல்லாம் ஆற்றில் வந்து விழும். வெளியே போக வழியில்லை. சூரியன் படுகிற பக்கமான படுவான்கரையில் வயல்கள் முதலில் மூழ்கும். மண்டூர், வெல்லாவெளி வீதிகள் மறையும். அப்போது முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிட வேண்டும். பெக்கோ இயந்திரம் ஒன்று சில மணி நேரத்தில் செய்கிற வேலைதான். பிரச்சினை, எந்த நாளில் என்பது.

பிந்தி வெட்டினால் பயிர் அழுகும். முந்தி வெட்டினால் ஆறு வற்றும்; இறாலும் மணலையும் கொடுவாவும் பெருகும் முன்பே கடலுக்குப் போய்விடும்; மழை ஓய்ந்ததும் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும். உப்பேறினால் கரையோர வயலுக்கும் கிணற்றுக்கும் கேடு என்பதால், வெட்டச் சொன்ன வயல்காரரே அடுத்த மாதம் வெட்டியதைக் குறை சொல்வதும் உண்டு. ஆகவே கச்சேரியில் கூட்டம். மாவட்டச் செயலாளர், நீர்ப்பாசனத் திணைக்களம், கடற்றொழில் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவக்காரர், விவசாய அமைப்புகள், மீனவர் சங்கங்கள் எல்லாரும் மேசையைச் சுற்றி. ஒருவர் நீர்மட்டம் சொல்வார், இன்னொருவர் போன வருடத்தை இழுப்பார், மூன்றாமவர் சத்தம் போடுவார். தீர்மானம் எப்படி வந்தாலும் ஒரு பகுதியார் முறுகிக்கொண்டுதான் எழும்புவார்கள்.

எனக்கு இந்தச் சண்டை பிடிக்கும். மட்டக்களப்பின் பொதுவாழ்வில் அணி பிரிவது இனத்தால் இல்லாமல் நடக்கிற சண்டைகள் மிகச் சில; அவற்றில் இது ஒன்று. படுவான்கரை வயலில் தமிழரும் உண்டு, காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம்களும் உண்டு. ஆற்றில் வலை போடுகிறவர்களும் அப்படியே. வெட்டு என்கிற பக்கத்திலும் வெட்டாதே என்கிற பக்கத்திலும் இரண்டு சமூகமும் கலந்து நிற்பதால், எதிராளியின் பள்ளிவாசலையோ கோயிலையோ வாதத்துக்குள் இழுத்துப் பயனில்லை. தண்ணீரைப் பற்றித்தான் பேசியாக வேண்டும். எத்தனை அடி, எத்தனை நாள், எத்தனை ஏக்கர்.

மற்ற வாதங்கள் அப்படிப் போவதில்லை. 2018இல் பெரிய புல்லுமலைத் தண்ணீர்த் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். நிலத்தடி நீரை உறிஞ்சிப் போத்தலில் அடைத்து விற்கும் திட்டம். யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பி, கோடையில் குடிநீருக்கு அலைகிற ஊர் அது. அந்த வருடம் செப்டம்பரில் மாவட்டம் தழுவி ஹர்த்தால் நடந்தது, திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தவர்கள் எதிர்த்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த மாதங்களில் தெருவில் கேட்ட பேச்சை நினைத்துப் பார்க்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை லீற்றர் இறைப்பார்கள், சுற்றுக் கிணறுகள் எத்தனை அடி கீழே போகும், அனுமதி கொடுத்த அலுவலகம் என்ன ஆய்வைப் பார்த்துக் கொடுத்தது என்ற கேள்விகள் ஒரு மூலையில் கிடந்தன. தொழிற்சாலை யாருடையது, அவர் எந்த ஊர், எந்த அமைச்சர் பின்னால் நிற்கிறார் என்பது நடு வீட்டில் உட்கார்ந்துகொண்டது. நாளைக்கு நம் ஆள் ஒருவரே அதே திட்டத்தோடு வந்தால் எந்தக் கேள்வியை வைத்து நிறுத்துவோம் என்று அப்போது யாரும் யோசித்த மாதிரித் தெரியவில்லை.

அடுத்த வருடம் கள்ளியங்காடு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 14 பேர் சிறுவர்கள். குண்டுதாரியின் உடற்பாகங்கள் மாதக்கணக்கில் வைத்தியசாலையில் கிடந்தன. குண்டுதாரிகளின் உடல்களை ஏற்பதில்லை என்று முஸ்லிம் சமயத் தலைமை ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஓகஸ்டில் அந்தப் பாகங்களை ஊரைக் கேட்காமல் கள்ளியங்காடு இந்து மயானத்தில் புதைத்தார்கள். மறுநாள் வீதியில் சனம். பொலிஸார் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். பின்னர் நீதிமன்றம் தோண்டி எடுக்கச் சொன்னது. எந்தச் சமூகமும் ஏற்காத ஒரு பிணத்தை ஒரு நகரம் எங்கே புதைப்பது? இது கடினமான கேள்விதான். அந்தக் கேள்வியைச் சபையில் வைத்துப் பேசியிருக்கலாம். அதிகாரிகள் பேசாமல் செய்தார்கள். பேசாமல் செய்ததால் அதுவும் கடைசியில் தமிழர், முஸ்லிம் கணக்கில் போய் விழுந்தது. குழந்தையைப் பறிகொடுத்தவர்களின் கோபத்துக்குக்கூட அரசியல்வாதிகள் தங்கள் பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டார்கள்.

சபை என்று சொன்னதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு நகரம் 1994க்குப் பிறகு உள்ளூராட்சித் தேர்தலைக் கண்டது 2008 மார்ச்சில். 2018இல் தெரிவான மாநகர சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. காசு இல்லை என்று தேர்தலைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான். அதாவது இரண்டு வருடத்துக்கு மேலாகக் குப்பைக்கும் வடிகானுக்கும் மயானத்துக்கும் பொறுப்பான, வாக்குப்போட்டுத் தெரிவுசெய்த ஒருவரும் இருக்கவில்லை. திருப்பெருந்துறையில் ஆற்றோரமாகக் குப்பை கொட்டுவதை எதிர்த்து அந்த ஊர்ச் சனம் வீதிக்கு வந்தது நினைவிருக்கலாம். வீதிக்கு வராமல் பேச இடம் எங்கே இருக்கிறது?

இடம் ஒன்று இருக்கிறது, காந்திப் பூங்கா. புளியந்தீவின் முனையில், ஆற்றைப் பார்த்தபடி, மட்டக்களப்பு வாயிலுக்குப் பக்கத்தில். 1814இல் மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய இடம் என்று அங்கே அவருக்கும் சிலை உண்டு. ஏப்ரல் பிறந்தால் இந்தப் பூங்காவுக்கு ஓய்வில்லை. 21ஆம் தேதி தேவாலயத்தில் இறந்தவர்களுக்கு மெழுகுதிரி. 29ஆம் தேதி சிவராமுக்கு. மே 31இல் நடேசனுக்கு.

வீரகேசரி வாசகருக்கு ஐயாத்துரை நடேசன் ‘நெல்லை நடேசன்’. 2004 மே 31 காலை, வேலைக்குப் போகிற வழியில் மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய நண்பர் தர்மரத்தினம் சிவராம், ‘தராக்கி’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் எழுதிய புளியந்தீவுக்காரர், 2005 ஏப்ரல் 28 இரவு கொழும்பு பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டு மறுநாள் நாடாளுமன்றத்துக்குக் கிட்டப் பிணமாகக் கிடந்தார். இரண்டு கொலைக்கும் இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை.

சிவராமைப் பற்றி மானிடவியலாளர் மார்க் விற்றேக்கர் 2007இல் வெளியிட்ட நூலில் மட்டக்களப்பு வாசகர் வட்டம் வருகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் இளைஞர்கள் கூடிப் புத்தகங்களையும் அரசியலையும் அலசிய குழு. பிற்காலத்தில் ஒருவரை ஒருவர் சுடக்கூடிய இயக்கங்களுக்குப் போகவிருந்த தலைமுறை, அதற்கு முன்பு ஒரே மேசையில் வாதம் செய்த கடைசி வருடங்கள் அவை. அந்த மேசையைப் பெரிதாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. அங்கே எத்தனை பெண்கள், எத்தனை முஸ்லிம்கள், எத்தனை படுவான்கரைக்காரர் இருந்திருப்பார்கள் என்று கேட்டால் பதில் அவ்வளவு அழகாக இருக்காது. ஆனாலும் முகம் பார்த்து வாதாடினால், சொன்னதை மறுநாளும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கைத்தொலைபேசியில் அந்தத் தொல்லை இல்லை. பிராந்திய நிருபர் என்பவர் முழுநேரச் சம்பளம் அற்றவர். அனுப்பும் செய்திக்கு ஏதோ கிடைக்கும். பத்திரிகை கொழும்பில் அச்சாகி விடியும்போது வந்து சேர்வதற்குள் மூன்று முகநூல் பக்கங்கள் ஆளுக்கொரு கதையைப் பரப்பியிருக்கும். நிருபர் நின்று நிதானித்து ஆவணம் தேடப் போனால் அதற்கும் விலை உண்டு. 2020 ஜனவரியில் மட்டக்களப்பு ஊடக மையத்துக்குள் ஒரு துண்டுப்பிரசுரம் கிடந்தது. ஏழு ஊடகவியலாளரைக் குறிவைத்த கொலை மிரட்டல். புல்லுமலையில் லீற்றர் கணக்கைக் கேட்டிருக்க வேண்டியவர் யார் என்று யோசித்தால், அந்த ஏழு பேர் மாதிரியான ஒருவர்தான்.

2022 ஏப்ரலில், காஸுக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற நாட்களில், வேறு விதமான பேச்சொன்றும் இங்கே தொடங்கியது. பெண்கள் முன்னின்று கல்லடிப் பாலத்தடியிலிருந்து காந்திப் பூங்கா வரை நாள்தோறும் நடந்தார்கள். பறை, பாட்டு, கையில் எழுதிய அட்டைகள். பொருளாதாரத்தோடு காணாமல் ஆக்கப்பட்டோர், காணி, வீட்டுக்குள் நடக்கும் வன்முறை எல்லாம் அந்த அட்டைகளில் வந்தன. கொழும்புக் காலிமுகத்திடல் போராட்டத்தைப் படம்பிடித்த கமராக்கள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை எனலாம். யாரையும் வீட்டுக்கு அனுப்பாத, யாரும் அடிபடாத நடைக்குச் செய்தி மதிப்பு குறைவு.

2024 நவம்பர் 14 தேர்தலில் தேசிய மக்கள் சக்தி நாட்டின் எல்லாத் தேர்தல் மாவட்டங்களையும் வென்றது, மட்டக்களப்பைத் தவிர. இங்கே தமிழரசுக் கட்சிக்கு மூன்று ஆசனம், மற்ற இரண்டில் தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரஸுக்கு ஒன்று. இது இனப்பற்றா, விவேகமா, பிடிவாதமா என்று கொழும்புத் தொலைக்காட்சிகள் சில நாள் அலசின. இரண்டு கிழமை கழித்து, அதே நவம்பர் கடைசியில், வெள்ளம் வந்தது. வயல் மூழ்கியது. வீதி மறைந்தது. ஆற்றுவாய் வெட்டியாச்சா என்ற கேள்வி திரும்ப வந்தது.

வெள்ள காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள். ஆற்றுவாய் வெட்டப்பட்டது என்று இரண்டு வரி இருக்கும். மேலே ஒரு படம்: பெக்கோவின் மஞ்சள் கை, பக்கத்தில் குடை பிடித்தபடி உத்தியோகத்தர்கள், முன்வரிசையில் காற்சட்டையைச் சுருட்டிவிட்ட ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். மேசையைச் சுற்றிச் சத்தம் போட்ட வயல்காரரும் தோணிக்காரரும் படத்தில் இருக்கமாட்டார்கள். ஒருத்தர் படுவான்கரையில் தண்ணீர் இறங்குகிறதா என்று வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர் வலையை அவிழ்த்துக் கரையில் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போயிருப்பார்.