குழம்புச் சட்டியின் வரிசை

குழம்பு, சோற்றில் ஊற்றிப் பிசைந்து உண்பதற்காகப் புளி, காரம், காய், பருப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சும் சாறு. அதையே தெளிவாக, நீர்க்க வைத்தால் ரசம். காயும் பருப்பும் ஒன்றாகக் குழைந்தால் கூட்டு. வெந்ததை மத்தால் மசித்தால் கடைசல். காஞ்சிபுரம் மாவட்டத்தில் உத்திரமேரூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் அன்றாடச் சமையல் இந்த நான்கிலும் அடங்கிவிடும். கறியும் மீனும் உண்ணும் வீடுகளிலும் வெள்ளிக்கிழமை, அமாவாசை, புரட்டாசிச் சனி என்று விலக்கு நாள்கள் வரும். அன்றைக்குச் சட்டியில் இறங்குவது காயும் பருப்பும்தான். அப்படியும் குழம்பு காரசாரமாக, வயிறு நிறையும்படி அமைகிறது. எந்தப் பொருள் முதலில், எது கடைசியில் என்ற வரிசையில்தான் அதன் சூட்சுமம் இருக்கிறது. அந்த வரிசைக்குப் பின்னால் வேதியியல் இருக்கிறது.

இருந்ததும் வந்ததும்

உத்திரமேரூர் ஏரிப் பாசன ஊர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. ஆறு பேர் கொண்ட ஏரி வாரியமும் பன்னிரண்டு பேர் கொண்ட தோட்ட வாரியமும் அவற்றில் உண்டு. அந்தத் தோட்டங்களில் மிளகாய் இருந்திருக்க வழியில்லை. தக்காளி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, பரங்கிக்காய் ஆகியவையும் இல்லை. இவை எல்லாமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1498-ல் வாஸ்கோ ட காமா இந்தியக் கரைக்கு வந்த பிறகு, ஐரோப்பியர் கப்பல்களில் வந்து சேர்ந்தவை. பெயர்களிலேயே அந்த வரலாறு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மிளகைப்போல் உறைக்கும் காய் மிளகாய் ஆயிற்று. பரங்கியரோடு வந்தது பரங்கிக்காய். வடமாவட்டங்களில் வேர்க்கடலைக்கு மணிலாக்கொட்டை என்ற பெயர் இன்றும் உண்டு.

கத்திரி, துவரை, கொள்ளு, அவரை, மொச்சை ஆகியவை இந்த மண்ணில் நெடுங்காலமாக விளைபவை. மிளகாய்க்கு முந்திய சமையலில் காரம் என்றால் மிளகுதான். சங்க இலக்கியத்தில் மிளகுக்கே ‘கறி’ என்று பெயர். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் இன்றும் மிளகு, சீரகம், சுக்குதான் காரம் தருகின்றன. மிளகாய்க்கு அங்கே இடமில்லை. மிளகு ரசத்தை ஆங்கிலேயர் தங்கள் மேசைக்குக் கொண்டுபோய், இறைச்சி சேர்த்து ‘முல்லிகட்டானி’ என்ற சூப் ஆக்கினார்கள். அந்தச் சொல் ‘மிளகுத்தண்ணி’யின் திரிபு. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அது ஆங்கிலத்தில் ஏறிவிட்டது.

பருப்பு முதலில்

குழம்புக்குக் கனம் தருவது பருப்பு. துவரம்பருப்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. வேகும்போது பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் கரைகிறது, செல்கள் பிரிகின்றன, மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்புகிறது. இதைத்தான் பருப்பு ‘மலர்வது’ என்கிறார்கள்.

பெக்டினுக்குப் பிடித்த துணை சுண்ணாம்புச் சத்தான கால்சியம். அது கூடச் சேர்ந்தால் பெக்டின் இறுகிவிடும். “இந்த போர் தண்ணியில பருப்பு வேகாது” என்று கிராமத்தில் சொல்வது இதைத்தான். கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடினநீரில் பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் கல்லாகவே கிடக்கும். மழைநீரிலும், உப்புக் கரிக்காத கிணற்று நீரிலும் சீக்கிரம் மலரும். ஆப்பசோடா ஒரு சிட்டிகை போட்டால் கடினநீரிலும் பருப்பு வெந்துவிடும். ஆனால் பருப்பிலுள்ள தயமின் என்ற பி1 உயிர்ச்சத்து பெருமளவு அழிந்துவிடும். பிரஷர் குக்கரில் நீரின் கொதிநிலை சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரை உயர்வதால், திறந்த பானையில் முக்கால் மணி நேரம் பிடிக்கும் வேலை சில விசில்களில் முடிகிறது.

காய்ந்த மொச்சை, காராமணி, கொண்டைக்கடலை ஆகியவற்றை முதல்நாள் இரவே ஊறவைக்க வேண்டும். வயிற்றில் வாயு சேரக் காரணமான ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறிய நீரில் இறங்கிவிடும். அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைப்பது அதற்காகத்தான். கருநிற மொச்சைக்கு இது கட்டாயம்.

புளி பிறகு

புளியின் புளிப்பு டார்டாரிக் அமிலத்தால் வருகிறது. அமிலத்திலும் பெக்டின் எளிதில் கரையாது. அதனால் வேகாத பருப்பில் புளியைக் கரைத்து ஊற்றினால் பருப்பு அதற்குமேல் மலராது. பருப்பு குழைந்த பிறகே புளி என்பது இதனால் வந்த விதி.

இதே குணம் காய்க்கு உதவுகிறது. கத்திரிக்காயை வெறும் நீரில் வேகவைத்தால் சில நிமிடங்களில் கூழாகும். எண்ணெயில் வதக்கிப் புளித்தண்ணீரில் கொதிக்கவிட்டால் முழுசாக நிற்கும். வெண்டைக்காயின் கொழகொழப்பும் புளியில் அடங்கும். முருங்கைக்காய், வாழைக்காய் போல வேகத் தாமதமாகும் காய்களை மட்டும் அரைவேக்காடாக வேகவைத்துக்கொண்டு பிறகு புளியில் சேர்ப்பார்கள்.

நான்கு பேருக்கு மொச்சை கத்திரிக்காய் காரக்குழம்பு வைக்க, ஊறவைத்து வேகவைத்த மொச்சை ஒரு கப், பிஞ்சுக் கத்திரிக்காய் கால் கிலோ, சின்ன வெங்காயம் இருபது, பூண்டு பத்துப் பல், எலுமிச்சம்பழ அளவு புளி, குழம்பு மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் நான்கு மேசைக்கரண்டி போதும். மண்சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் தாளிப்பு. அடுத்து வெங்காயமும் பூண்டும். அவை நிறம் மாறியதும் கத்திரிக்காய். காயின் தோல் சுருங்கியதும் அடுப்பைக் குறைத்து மிளகாய்த்தூள். தூள் எண்ணெயில் அரை நிமிடம் பிரண்டதும் புளிக்கரைசல், உப்பு. பச்சை வாசனை போனதும் மொச்சை. எண்ணெய் ஓரங்களில் சிவந்து பிரிந்தால் இறக்கிவிடலாம்.

காரம் எண்ணெயில்

மிளகாயின் காரம் கேப்சைசின். அது மிகுதியாக இருப்பது காயின் உள்ளே விதைகள் ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தண்டில். விதைக்குச் சொந்தக் காரம் கிடையாது. மிளகின் காரம் பைபரின். இரண்டுமே நீரில் அரிதாகவும் எண்ணெயில் நன்றாகவும் கரைபவை. மிளகாயின் சிவப்பு நிறமும் எண்ணெயில் கரைவதே. தூளை நேராகத் தண்ணீரில் போட்டால் அடியில் தங்கிச் சப்பென்று இருக்கும். எண்ணெயில் பிரட்டினால் காரமும் நிறமும் சட்டி முழுக்கப் பரவும். அரை நிமிடத்துக்கு மேல் போனால் தூள் கருகிக் கசக்கும்.

நாக்கில் கேப்சைசின் படும் இடம், சூட்டை உணரும் நரம்பு முனை. உடலுக்கு அது சுடுவதுபோலத் தெரிவதால்தான் வேர்க்கிறது. அந்த உணர்வாங்கியை 1997-ல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ், 2021-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். காரம் தலைக்கேறினால் தண்ணீர் குடிப்பதால் பயனில்லை. மோரும் தேங்காய்ப்பாலும் அதைக் கழுவிக்கொண்டு போகும்.

குழம்பு மிளகாய்த்தூளைக் கோடையில் வருஷத்துக்கு ஒருமுறை அரைத்து வைப்பார்கள். மிளகாய், தனியா, துவரம்பருப்பு, மிளகு, சீரகம், வெந்தயம், விரலி மஞ்சள் ஆகியவற்றை மாடியில் சுக்காகக் காயவைத்து மிஷினுக்குக் கொண்டுபோவது வழக்கம். அரைத்த தூள் சூடாக வரும். அதை உடனே டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்து நீர் கோத்து, கட்டி பிடித்துக் கெட்டுப்போகும். காகிதத்தில் பரப்பி முழுதும் ஆறவிட்ட பிறகே அடைக்க வேண்டும். தூளில் இருக்கும் தனியாவும் பருப்பும் நீரை உறிஞ்சிக் குழம்பைக் கெட்டியாக்குகின்றன. தனியாகத் தேங்காய் அரைத்து ஊற்றாத காரக்குழம்பும் சோற்றில் ஓடாமல் நிற்பது இதனால்தான்.

வடகம்

வடமாவட்டங்களில் காரக்குழம்புக்கும் கீரைக்கும் வடகம் போட்டுத் தாளிப்பார்கள். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு சேர்த்துப் பிசைந்து உருண்டை பிடித்து வெயிலில் வைப்பார்கள். சாயங்காலம் உருண்டைகளை உடைத்து மறுபடி பிசைவதும், காலையில் மறுபடி காயவைப்பதுமாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். கடைசியில் விளக்கெண்ணெய் தடவி உருட்டி, ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து ஜாடியில் போட்டால் ஒரு வருஷம் தாங்கும்.

காயக் காய வெங்காயத்தின் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் செறிவடைகின்றன. காய்ந்த எண்ணெயில் வடகம் விழுந்ததும் இவை இணைந்து பழுப்பேறுகின்றன. 1912-ல் இதை விவரித்த பிரெஞ்சு வேதியியலர் பெயரால் இது மையார்டு வினை எனப்படுகிறது. வறுத்த இறைச்சியின் மணத்துக்கும் இதே வினைதான் காரணம். அதில் கந்தகச் சேர்மங்களுக்கும் பங்கு உண்டு. வெங்காயம், பூண்டு, பெருங்காயம் மூன்றின் மணமும் கந்தகச் சேர்மங்களால் ஆனது. கறி இல்லாத குழம்பில் வடகம் தாளித்ததும் வரும் கனத்த வாசனைக்கு விளக்கம் இங்கே இருக்கிறது.

தாளிப்பில் கடுகு முழுதாக வெடிக்க வேண்டும். பச்சைக் கடுகின் நெடிக்குக் காரணமான நொதி சூட்டில் செயலிழந்து, வேர்க்கடலை போன்ற மணம் எழும். வெடிக்காத கடுகு வாயில் கசக்கும். வெந்தயம் சிவந்தால் மணம், கறுத்தால் கசப்பு.

ரசம் கொதிக்கக் கூடாது

ரசத்தில் வரிசை இன்னும் கறாரானது. புளியும் தக்காளியும் உப்பும் மஞ்சளும் பச்சை வாசனை போகும்வரை முதலில் கொதிக்கலாம். அதன்பின் பருப்பு வேகவைத்து இறுத்த தண்ணீரும், நசுக்கிய மிளகு, சீரகம், பூண்டும் சேரும். மேலே நுரை கட்டி ஏறும் நேரத்தில் அடுப்பை அணைத்துவிட வேண்டும். மிளகின் காரம் ஆவியாகாது; மணம் ஆவியாகும். கொதிக்கவிட்டால் வீடு மணக்கும், ரசம் மணக்காது. பூண்டை முழுசாகப் போடாமல் நசுக்குவதற்கும் காரணம் உண்டு. செல்கள் உடைந்தால்தான் உள்ளே தனித்தனியாக இருக்கும் நொதியும் அலியினும் கலந்து, நெடியுள்ள அலிசின் உண்டாகும்.

ரசத்தின் ஆழ்ந்த சுவைக்குத் தக்காளியின் குளூட்டமேட் பெரிதும் உதவுகிறது. ஜப்பானிய வேதியியலர் கிகுனே இகேதா 1908-ல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்து ‘உமாமி’ என்று பெயரிட்ட சுவை அதுதான். பழைய வீடுகளில் ரசத்துக்கு ஈயச் சொம்பு வைத்திருப்பார்கள். அது வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே நீர் இருக்கும்வரை சொம்பின் சூடு அந்த அளவுக்கு ஏறாது; வெறுமையாக அடுப்பில் வைத்தால் இளகிவிடும். காரீயம் கலந்த சொம்பு நஞ்சு என்பதால் வாங்கும்போது கவனம் தேவை.

கீரையும் சத்தும்

கீரையை மூடாமல் வேகவைக்க வேண்டும் என்பார்கள். கீரை வேகும்போது வெளிவரும் அமிலங்களில் சில ஆவியோடு போய்விடும். மூடினால் அவை சட்டிக்குள்ளேயே தங்கி, பச்சையத்தின் நடுவிலிருக்கும் மக்னீசியத்தை வெளியேற்ற, கீரை மங்கிய பழுப்புப் பச்சையாகும். கடைசலுக்குப் புளி சேர்ப்பதானால் கடைசியில் சேர்ப்பதும் இதனால்தான். முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை போன்றவற்றைச் சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயோடு வேகவைத்துக் கீரைச்சட்டியில் மத்தால் கடைந்து, மேலே வடகம் தாளித்தால் சோற்றுக்கும் கேழ்வரகுக் களிக்கும் பொருந்தும்.

அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, பருப்பில் மிகுதி. பருப்பில் குறையும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. சோறும் குழம்பும் சேரும்போது புரதம் முழுமையடைகிறது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்காது. பச்சைக் கொத்தமல்லி, எலுமிச்சை போன்றவற்றின் சி உயிர்ச்சத்து கூட இருந்தால் ஏற்கும். அந்த உயிர்ச்சத்து சூட்டில் அழிவதால், இவற்றை இறக்கிய பிறகு சேர்ப்பது நல்லது. பி12 உயிர்ச்சத்து மட்டும் தாவர உணவில் கிடைக்காது. பாலும் தயிரும்கூடத் தவிர்ப்பவர்கள் அதை வேறு வழியில் பெற வேண்டும்.

மறுநாள் குழம்பு

காரக்குழம்பு மறுநாள்தான் ருசி என்பது அனுபவம். இரவு முழுக்க உப்பும் புளியும் காரமும் காய்க்குள் இறங்குவதால் சுவை சமமாகிறது. புளிப்பு மிகுந்த சாற்றில் கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. புளியும் எண்ணெயும் தூக்கலாக, காய் போடாமல் சுண்டைக்காய் வற்றலோ மணத்தக்காளி வற்றலோ போட்டு வைக்கும் வத்தக்குழம்பு இன்னும் அதிக நாள் தாங்கும். பருப்பும் தேங்காயும் சேர்ந்த குழம்பு அவ்வளவு தாங்காது. அன்றே தீர்த்துவிட வேண்டும். மீந்த காரக்குழம்பை இரவில் ஒருமுறை கொதிக்கவைத்து, கரண்டி விட்டுக் கிளறாமல் மூடிவைப்பார்கள். மறுநாள் காலையில் மண்சட்டியில் பாதியாக ஆகும்வரை சுண்டக் காய்ச்சினால், அது பழையசோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் சுண்டக்குழம்பு.