ஸ்போர்ட்ஸ் காருக்கு மட் ஃபிளாப்: எந்தக் கல்லைத் தடுக்கும், எந்தக் கல்லை விட்டுவிடும்?

லாரிக்குப் பின்னால் தொங்குகிற மட் ஃபிளாப் அடுத்தவருக்காக. பின்னால் வருகிறவர் மேல சேறும் கல்லும் அடிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஸ்போர்ட்ஸ் காரில் மாட்டுகிற மட் ஃபிளாப்புக்கு வேலையே வேற. அந்தக் காரோட பெயிண்டை அதே காரோட முன் டயர்களிடமிருந்து காப்பாத்தணும்.

சாதாரண காருக்கு இந்தத் தொல்லை குறைவு. ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏன் அதிகம்னு பார்க்க, செவர்லே கார்வெட்டின் எட்டாம் தலைமுறையை எடுத்துக்குவோம். 2020 மாடலாக வந்தது, எஞ்சின் நடுவில் இருக்கும். முன் டயர் 245 மி.மீ. அகலம், பின் டயர் 305 மி.மீ. அகலம். அவ்வளவு பெரிய பின் டயரை மூடணும்னா பின்பக்க ஃபெண்டர் வெளியே புடைச்சுத்தான் ஆகணும். மேலிருந்து பார்த்தா இடை சிறுத்து இடுப்பு அகன்ற வடிவம். பார்க்க அழகு. ஆனா முன் டயர் பின்னோக்கி வீசுகிற கல்லுக்கு நேர் எதிரே நிற்பதும் அந்த இடுப்புதான். போர்ஷே 911-க்கும் இதே கதை. அதனால்தான் பின் சக்கரத்துக்கு முன்னால் இருக்கிற பெயிண்ட் மேல ஒரு கண்ணாடி மாதிரி ஃபிலிம் ஃபாக்டரியிலேயே ஒட்டி வருது.

அடுத்த காரணம் டயரோட ரப்பர். ரோட்டைக் கவ்விப் பிடிக்கணும்னு மென்மையாகச் செய்த ரப்பர், சூடானதும் சின்னக் கற்களையும் சேர்த்துக் கவ்விக்கும். எவ்வளவு நேரம் பிடிச்சிருக்கும்? நான் போட்ட கணக்கு இது. கார்வெட்டின் முன் டயருக்கு ஆரம் சுமார் 33 செ.மீ. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில், டயரின் வெளிவிளிம்பில் இருக்கிற பொருளை வெளியே தள்ளும் விசை அதன் எடையைப் போல சுமார் 240 மடங்கு. ஒரு கிராம் கல், கால் கிலோ எடையைப் போல இழுக்கும். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஒட்டிக்கொண்ட கல், ஹைவேயில் ஏறினதும் கழன்று பறப்பது இதனால்தான்.

கல் பறந்து வந்து காரை அடிக்குதுன்னு சொல்றோம். உண்மையில் நடப்பது கிட்டத்தட்ட தலைகீழ். ஓடுகிற டயரில் தரையைத் தொடும் பகுதி மட்டும், தரையைப் பொறுத்தவரை அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கும். அங்கிருந்து கொஞ்சம் மேலே, 15 டிகிரி உருண்டதும் கழன்ற கல், ரோட்டோரம் நிற்பவர் கண்ணுக்கு மணிக்கு 26 கி.மீ. வேகத்தில் மேலே எழும்பும். முன்னோக்கி 3 கி.மீ. சொச்சம்தான். மற்றபடி அது சும்மா அந்தரத்தில் நிற்கிறது. கார்தான் 100 கி.மீ. வேகத்தில் அதன் மேல் போய் மோதுது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 80-லிருந்து 120-க்குப் போனா அடி ஒன்றரை மடங்கு அல்ல, 2.25 மடங்கு.

அடி வாங்குகிற பக்கம் என்ன இருக்கு? பிரைமர், கலர், கிளியர் கோட் எல்லாம் சேர்த்து ஃபாக்டரி பெயிண்டின் தடிமன் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். இரண்டு தலைமுடியை ஒன்றின் மேல் ஒன்றாக வச்ச அளவு.

சரி, மட் ஃபிளாப் இதில் எவ்வளவு தடுக்கும்? டயர் மையத்திலிருந்து 40 செ.மீ. பின்னால், அதாவது டயருக்கு ஒட்டினாற்போல் ஒரு ஃபிளாப் தொங்குதுன்னு வச்சுக்குவோம். அதன் கீழ்விளிம்புக்கும் தரைக்கும் 10 செ.மீ. இடைவெளி. அந்த விளிம்பை உரசாமல் கீழே நழுவுகிற கல், 100 கி.மீ. வேகத்தில், சக்கர மையத்திலிருந்து ஒரு மீட்டர் பின்னால் 26 செ.மீ. உயரத்துக்கு வரும். பின் ஃபெண்டர் தொடங்குகிற 2.3 மீட்டர் தூரத்தில் சுமார் 60 செ.மீ. உயரத்துக்கு வந்துடும். அதாவது கதவும் அதன் கீழ்ப்பகுதியும் பெருமளவு தப்பிச்சிடும். பின் ஃபெண்டரில் 60 செ.மீ.-க்குக் கீழே இருப்பதெல்லாம் இன்னமும் திறந்த மைதானம்தான். இடைவெளியை 7 செ.மீ. ஆக்கினால்? அந்த 60, 40 ஆகக் குறையும். ஃபிளாப்பில் மூணு செ.மீ. நீளம் கூட்டினா, பின்னாடி 20 செ.மீ. பெயிண்ட் காப்பாகுது.

இதிலிருந்து எனக்குக் கிடைச்ச பாடம்: ஃபிளாப் பக்கத்தில் இருப்பதைக் காக்கும், தூரத்தில் இருப்பதைக் காக்க ஃபிலிம் வேணும். பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம் என்கிற அந்த பாலியூரித்தேன் படலம் 150 முதல் 200 மைக்ரான். பெயிண்டை விடவே தடிமன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும்னு நினைக்க வேண்டாம், வேலைகள் வேற வேற.

நீளமான ஃபிளாப்புக்கு ஒரு விலை உண்டு. வேகத்தடையிலும் பார்க்கிங் சரிவிலும் உரசும். கெட்டி பிளாஸ்டிக் என்றால் உடையும், இல்லைன்னா மாட்டியிருக்கிற இடத்தையே பிய்ச்சுக்கிட்டு வரும். ராலி கார்களில் வளைந்து கொடுக்கும் பாலியூரித்தேன் ஷீட் தொங்கவிடுவது இதற்காகத்தான். ரொம்ப மெல்லிசாகவும் இருக்கக் கூடாது. வேகத்தில் காற்று அதைப் பின்னால் தூக்கிடும், இடைவெளி கூடும், மேலே போட்ட கணக்கெல்லாம் வீண்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை:

1. ஃபிளாப் பெயிண்டைத் தொடுகிற இடத்தில் முதலில் ஃபிலிம் ஒட்டுங்க. இடுக்கில் புகுந்த மணல், கார் அதிர அதிர உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். கல் புள்ளி புள்ளியாக எடுக்கிற பெயிண்டை இது பட்டையாகவே எடுத்துடும். பெயிண்டைக் காக்க மாட்டினது பெயிண்டைத் தின்னும்.

2. வீல் ஆர்ச் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் லைனரில் ஏற்கெனவே இருக்கும் ஸ்க்ரூ ஓட்டைகளையே பயன்படுத்துங்க. கார்வெட்டின் வெளிப்பகுதி ஃபைபர் கலவை, துருப்பிடிக்காது. மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி பின் ஃபெண்டர் இரும்புத் தகடாக உள்ள காரில் டிரில் போட்டா, துருவுக்கு நீங்களே வாசல் திறந்த மாதிரி. பனிக்கு உப்புத் தூவும் நாடுகளில் பழைய எம்எக்ஸ்-5கள் பின் சக்கர வளைவில்தான் முதலில் துருப்பிடிக்கும்.

3. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, டயர் எங்கேயும் ஃபிளாப்பைத் தொடலைன்னு பாருங்க. பள்ளத்தில் இறங்கும்போது சக்கரம் மேலே ஏறும். அதற்கும் இடம் விடணும்.

4. ஃபிளாப் டயரின் அகலத்தை விட ஒன்றிரண்டு செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். கல் நேராக மட்டும் போகாது, பக்கவாட்டிலும் தெறிக்கும்.

5. வருஷத்துக்கு ஒரு தடவையாவது கழற்றி, பின்னால் சேர்ந்த சேற்றைக் கழுவுங்க. ஈரச் சேறு அங்கேயே தங்கினால் இரும்புக்கு ஆகாது.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்குன்னா எதை முதலில் செய்வது? இடுப்பு அகன்ற, பின் ஃபெண்டர் புடைச்ச கார் என்றால் அங்கே ஃபிலிம் முதலில், ஃபிளாப் பிறகு. பக்கவாட்டு நேராக இருக்கிற காரில் அடி வாங்குவது பெரும்பாலும் சக்கரத்துக்கு அடுத்த கீழ்ப்பகுதி. அங்கே நல்ல வளையும் ஃபிளாப் ஒன்றே பாதி வேலையை முடிச்சிடும். எதைச் செய்வதானாலும் புதுக் காராக இருக்கும்போதே செய்வது நல்லது. ஏற்கெனவே தெறித்த இடத்தின் மேல் ஃபிலிம் ஒட்டினால் அந்தப் புள்ளி ஃபிலிமுக்கு அடியிலேயே தெரிந்துகொண்டிருக்கும்.