பனைக்கென்று ஒரு விதி

வேலணையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: "மகள் எட்டாம் தரம். புணர்ச்சி விதியெல்லாம் பாடமாக்கி ஒப்புவிக்கிறாள். ஒரு சொல்லைக் குடுத்துப் பிரி எண்டால் முழிக்கிறாள். வீட்டிலை ஏதும் செய்யலாமோ?"

செய்யலாம். காசு செலவழிக்கத் தேவையில்லை, சார்வோலை போதும். இரண்டு விரல் அகலத்துக்கு வார்ந்து ஒன்றில் 'பன்' என்றும், சிறு துண்டுகளில் 'ஐ', 'அம்' என்றும் எழுதுங்கள். பிறகு காய், பழம், சீனி, தோப்பு, கூடல், ஓலை, கொடி, அட்டு என்று ஓலைக்கு ஒரு சொல்லாக எழுதிக் கவிழ்த்து வையுங்கள். 'பன்', 'ஐ' இரண்டும் 'பனை'யாக நடுவில் கிடக்கட்டும். பிள்ளைகள் முறைவைத்து ஓர் ஓலையை எடுத்து, பனையோடு சேர்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னது எப்படி வந்தது என்று துண்டுகளை நகர்த்திக் காட்டினால்தான் ஓலை சொந்தம்.

'காய்' எடுத்த பிள்ளை யோசிக்காமலே 'பனங்காய்' என்றுவிடும். தீவுப் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. துண்டை நகர்த்தும்போதுதான் விஷயம் வெளிக்கிறது: 'ஐ' வெளியே போக, 'அம்' உள்ளே வருகிறது. அப்படியானால் ஏன் 'பனம்காய்' என்று வரவில்லை? சொல்லைப் பாதியில் நிறுத்தச் சொல்லி, நாக்கு எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். பனங்காய்க்கு அடிநாக்கு எழும்பி நிற்கும். பனஞ்சீனிக்கு நடுநாக்கு. பனந்தோப்புக்கு நுனிநாக்கு பல்லடியில். பனம்பழத்துக்கு உதடு மூடியிருக்கும். குறிகட்டுவான் துறைக்குக் கிட்டவாக வரும்போதே படகோட்டி வேகத்தைத் தணித்து அணியத்தைத் திருப்புவதைப் பார்த்திருப்பீர்கள். வாயும் வரப்போகும் எழுத்துக்கு அப்படித்தான் முன்கூட்டியே ஆயத்தமாகிறது.

எனக்கு மிகப் பிடித்த ஓலை 'அட்டு'. அதை எடுத்த பிள்ளை கொஞ்சம் தடுமாறும். 'ஐ' போகிறது, ஆனால் 'அம்' வரவில்லை. 'அட்டு' நீண்டு 'ஆட்டு' ஆகிவிடுகிறது. பனாட்டு! பனங்களியைப் பாயில் பரவி, வெயிலில் காயவிட்டு, மேலே மேலே ஊற்றிப் படைபடையாக எடுக்கும் அதே பனாட்டுத்தான். பினாட்டு என்றும் சொல்வோம். இந்த ஒரு தீன்பண்டத்துக்காகத் தொல்காப்பியர் உயிர்மயங்கியலில் தனியாக ஒரு சூத்திரம் செய்திருக்கிறார். அதை அடுத்துக் கொடிக்கு ஒன்று: அங்கே 'ஐ' அசையாமல் நிற்க, 'க்' தோன்றிப் பனைக்கொடி ஆகிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் இவற்றை ஒரே சூத்திரத்தில் அடக்கினார். அந்த நன்னூலை விருத்தியுரையோடு 1851இல் அச்சேற்றியவர் நம்முடைய ஆறுமுக நாவலர்.

பனைக்கு இலக்கணத்திலேயே தனி இடம் இருப்பதைப் பனங்கூடலுக்குள் வளரும் பிள்ளைக்கு நாம் சொல்வதில்லை. தோன்றல், திரிதல், கெடுதல் என்று பெயர்களை முதலில் திணிக்கிறோம். சோதனை முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். ஓலை விளையாட்டில் மூன்றும் கண்ணுக்கு முன்னால் நடக்கின்றன. கொடியில் தோன்றியது, காயில் 'ம்' திரிந்தது, காயிலும் அட்டிலும் 'ஐ' கெட்டது. பார்த்த பிறகு பெயரைச் சொன்னால் அது நிற்கும். நாவலரும் சிறுவர்களை நினைத்துத்தான் இலக்கணத்தை வினாவிடையாக எழுதினார். கேள்வி கேட்பதற்கென்று எழுதிய நூலையும் மனனத்துக்கு ஆக்கிவிட்டோம்.

இன்னொரு கவலையும் உண்டு. பனாட்டைத் தின்றறியாத பிள்ளைக்கு 'அட்டு' ஓலை வெறும் புதிராகவே இருக்கும். ஆவணியில் விழுகிற பழத்தை மாடு சப்ப விட்டுவிட்டு, கடையில் இனிப்பு வாங்குகிறோம். விளையாடும் நாளிலாவது ஒரு துண்டு வாங்கிக் கையில் கொடுங்கள்.

பனை முடிந்தால் தெங்குக்கு வாருங்கள். 'தெங்கு' காயோடு சேரும்போது 'தெ' நீண்டு, ஈற்றில் உள்ள 'கு' கெட்டுத் தேங்காய் ஆகிறது; அதற்கும் நன்னூலில் விதி இருக்கிறது. அதற்கு ஓலையை எங்கே வெட்டுவது என்று மகளிடமே கேளுங்கள்.