எதனோல் கலந்த பெற்றோலும் எமது சிறிய இயந்திரங்களும்



ஆண்டு மலரில் மொழியையும் இலக்கியத்தையும் பற்றி எழுத நம்மிடையே பலர் உளர். ஊரில் விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியனாகிய நான், நம் வீட்டுக் கராஜின் மூலையில் உறங்கும் சிறிய இயந்திரங்களைப் பற்றி எழுத விழைகின்றேன். அதற்குக் காரணம் உண்டு.

2012ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் நாள் இரவு, சாண்டிப் புயல் நியூஜேர்சிக் கரையைத் தாக்கியது. மாநிலத்தின் பெரும்பகுதி இருளில் மூழ்கியது. நான் இந்நாட்டுக்கு வந்து ஈராண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அயலில் வசித்த தமிழ் நண்பர் ஒருவரின் தாயார் சுவாச நோயாளி. மின்சாரத்தால் இயங்கும் ஒட்சிசன் கருவியை நம்பியிருந்தவர். நண்பரிடம் நல்லதொரு மின்பிறப்பாக்கி இருந்தது. 2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வீசிய ஐரின் புயலின்பின் வாங்கி, அவ்வாண்டு ஒக்ரோபர் பனிப்புயலின்போது ஓரிரு நாள் ஓட்டிவிட்டு, தாங்கியில் பாதிப் பெற்றோலுடன் அப்படியே மூடிவைத்திருந்தார். அன்றிரவு இருவரும் மாறிமாறிக் கயிற்றை இழுத்தோம். உள்ளங்கை தோலுரிந்ததேயன்றி இயந்திரம் உயிர்பெறவில்லை. இறுதியில், மரங்கள் முறிந்து கிடந்த தெருக்களின் வழியே அம்மையாரைக் காரில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தோம். இறையருளால் அவர் நலமுடன் மீண்டார்.

புதிய பெற்றோல் வாங்கவும் எளிதில் வழியிருக்கவில்லை. நவம்பர் 3ஆம் நாள் முதல் 12 கவுண்டிகளில், வாகன இலக்கத் தகட்டின் ஒற்றை, இரட்டை எண் முறைப்படியே பெற்றோல் வழங்கப்பட்டது. சில வாரங்களின்பின் ஒரு திருத்துநர் அம்மின்பிறப்பாக்கியின் கார்புரேற்றரைக் கழற்றிக் காட்டினார். அடியில் நீர்த்துளிகள்; சுவரில் வெண்ணிறப் பொடி; நுண்துளைகளை அடைத்திருந்த பிசின். ஏறக்குறைய புதிய இயந்திரம், ஓராண்டு கிடந்த எரிபொருளால் ஊமையாகியிருந்தது.

எதனோல் என்பது யாது?

எதனோல் அற்ககோல் வகையைச் சேர்ந்த ஒரு திரவம். தமிழகத்துப் பாடநூல்கள் இதனை எத்தனால் என வழங்கும். கரும்பின் வெல்லப்பாகு, மக்காச்சோளம் முதலியவற்றை நொதிக்கச் செய்து வடித்தெடுக்கப்படுவது. அமெரிக்காவில் பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்தே பெறப்படுகின்றது. இங்கு 'காஸ்' என வழங்கும் பெற்றோலில் மிகப் பெரும்பகுதி 10 விழுக்காடு வரை எதனோல் கலந்தது. இதனையே ஈ10 என்பர்.

இக்கலவை எவ்வாறு வந்தது? பெற்றோல் முற்றாக எரிந்து புகை குறையவேண்டுமாயின் அதில் ஒட்சிசன் கொண்ட பொருளொன்றைச் சேர்த்தல் நன்று. 1990ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தத்தின்பின் அதற்கெனப் பெரிதும் பயன்பட்டது எம்.ரி.பி.ஈ. என்னும் இரசாயனம். அது நிலத்தடித் தாங்கிகளிலிருந்து கசிந்து குடிநீரைக் கெடுத்தது. 1996ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சாந்தா மொனிக்கா நகரம் தன் குடிநீர்க் கிணறுகள் பலவற்றை மூடவேண்டியதாயிற்று. கலிபோர்னியா 2004ஆம் ஆண்டு முதலும், நியூஜேர்சி 2009ஆம் ஆண்டு முதலும் அவ்விரசாயனத்தைத் தடைசெய்தன. அதன் இடத்தை எதனோல் பெற்றது. 2005, 2007ஆம் ஆண்டுகளின் எரிசக்திச் சட்டங்கள் அதன் பயன்பாட்டை மேலும் பெருக்கின. ஆதலால் எதனோலை நம் எதிரியெனக் கொள்ளுதல் தகாது. அதன் இயல்பை அறியாதிருத்தலே நம் குறை.

எதனோலின் மூன்று குணங்கள்

முதலாவது, அது நீரை விரும்பும். மாரி காலத்தில் மூடாது வைத்த உப்பு தானே கசிந்து நனைவதைப் பெற்றோர் ஊரில் கண்டிருப்பர். எதனோலும் அவ்வாறே காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும். பாதி வெறுமையான தாங்கியில் காற்றும் ஈரமும் புக இடம் மிகுதி. ஏறத்தாழ 15 பாகை செல்சியசில் ஈ10 பெற்றோல் தன் கனவளவில் 0.5 விழுக்காடு நீரையே கரைத்து வைத்திருக்கும். அதாவது ஒரு கலனுக்கு ஏறத்தாழ நான்கு தேக்கரண்டி. அளவு மிஞ்சினாலோ, குளிர் கூடினாலோ, எதனோலும் நீரும் ஒன்றுசேர்ந்து பெற்றோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். இயந்திரமோ தாங்கியின் அடியிலிருந்தே உறிஞ்சுவது. எரியாத அந்த நீர்க்கலவை முதலில் அதன் வாய்க்குள் செல்லும்; நாளடைவில் உலோகத்தையும் அரிக்கும்.

இரண்டாவது, அது நல்லதொரு கரைப்பான். பழைய இயந்திரங்களின் இறப்பர்க் குழாய்களும் தக்கை அடைப்புகளும் எதனோலைத் தாங்குமாறு செய்யப்பட்டவையல்ல. அவை ஊதும், வெடிக்கும், கசியும். பழைய தாங்கியில் நெடுங்காலமாகப் படிந்த அழுக்கையும் எதனோல் கிளப்பிவிடும். ஊசித்துளை போன்ற எரிபொருள் வழி அடைபட அதுவே போதும்.

மூன்றாவது, அது தன்னுள்ளேயே ஒட்சிசனைக் கொண்டது. ஒரு கிலோ பெற்றோல் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ எதனோலுக்கு 9 கிலோ போதும். இக்காலக் கார்களில் உணர்கருவியும் கணினியும் இவ்வேறுபாட்டை அறிந்து எரிபொருளின் அளவைத் திருத்திக்கொள்ளும். புல்வெட்டும் இயந்திரத்தின் கார்புரேற்றருக்கு அவ்வறிவு இல்லை. அதன் துளை மாறாதது. ஆகவே எரிபொருள் குறைந்து காற்று மிகுந்த கலவை உட்செல்ல, இயந்திரம் வழமையிலும் கூடுதலாகச் சூடேறும். மரமறுக்கும் வாள் போன்ற ஈரடிப்பு இயந்திரங்களில் மசகெண்ணெயும் பெற்றோலுடனேயே கலந்துள்ளது. நீர்க்கலவை அடியில் பிரிந்தால், எண்ணெயற்ற அத்திரவம் உட்சென்று பிஸ்ரன் தேய்ந்துபோகும்.

எதனோல் கலவாத பெற்றோலும் நெடுநாள் கிடந்தால் பிசினாகிக் கெடும் என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும். எதனோல் அக்கேட்டுக்குத் துணைசெய்கின்றது.

ஊரில் கற்ற பாடம்

1990ஆம் ஆண்டு ஆனி மாதம் போர் மீண்டும் மூண்டபின், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. அப்போது நான் சிறுவன். எமது பெரியப்பா தம் பழைய மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார். ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்களும் அவ்வாறே ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகையால் சிறு போத்தலில் தங்கம்போற் காத்த பெற்றோலில் சில துளி விட்டு உதைத்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் கசிந்து இறங்கி என்ஜின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். தீப்பொறிக் கட்டையிற் கரி படியும். எனவே பெரியப்பா அடிக்கடி கட்டையைக் கழற்றித் துடைப்பார்; எண்ணெயைத் தொட்டுப் பார்த்து மாற்றுவார். "தம்பி, என்னத்தைக் குடுக்கிறம் எண்டு தெரிஞ்சு குடுத்தால் அது எங்களைக் கைவிடாது" என்பார். மிக மோசமான எரிபொருளைக் கொண்டும் அவர் ஓட்டினார்; நாமோ நல்லதைக் கையிற்கொண்டும் அன்றிரவு ஓட்ட இயலாது நின்றோம்.

தாயகத்திலும் இதே வினா

தமிழகத்துப் பெற்றோருக்கும் இது புறம்பான செய்தியன்று. இந்தியா 2022ஆம் ஆண்டில் 10 விழுக்காட்டுக் கலவையையும், 2025ஆம் ஆண்டில் 20 விழுக்காட்டையும் எட்டியது. 2023 ஏப்பிரல் முதல் வந்த வாகனங்களின் பாகங்கள் 20 விழுக்காட்டைத் தாங்குமாறு அமைந்தவை. அதற்கு முற்பட்டவற்றின் குழாய்களையும் அடைப்புகளையும் கவனித்தல் வேண்டும். கனவளவுக்குக் கனவளவு எதனோலின் வெப்ப ஆற்றல் பெற்றோலிலும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவு. ஆகவே ஓடும் தூரமும் சற்றுக் குறையும். ஊரில் தாத்தா ஓட்டும் பழைய ஸ்கூட்டரைப் பற்றி அடுத்த தொலைபேசி உரையாடலில் விசாரியுங்கள்.

நாம் செய்யத்தக்கவை

1. பெற்றோலை ஒரு மாதத் தேவைக்கு மட்டும் வாங்கி, உரிய கலனில் இறுக மூடி வையுங்கள்.

2. நெடுநாள் வைக்கவேண்டின், வாங்கிய அன்றே நிலைப்படுத்தும் திரவத்தைச் சேர்த்துச் சற்று ஓடவிடுங்கள். கெட்டபின் சேர்த்துப் பயனில்லை.

3. பருவம் முடிந்ததும் எரிபொருள் வாயிலை மூடி, இயந்திரம் தானே நிற்கும்வரை ஓட்டி, கார்புரேற்றரை வெறுமையாக்குங்கள். எதனோல் கலவாத எரிபொருள் தகரங்களில் விற்கப்படுகின்றது. விலை கூடியதாயினும் மின்பிறப்பாக்கிக்கு ஏற்றது.

4. ஈ15 எனக் குறித்த பெற்றோலைச் சிறிய இயந்திரங்களுக்கும், மோட்டார் சைக்கிள், படகு ஆகியவற்றுக்கும், 2001ஆம் ஆண்டுக்கு முற்பட்ட கார்களுக்கும் இடலாகாது. சட்டமும் அதனைத் தடுக்கின்றது. நியூஜேர்சியில் 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி பணியாளரே பெற்றோல் நிரப்புவதால், காரினுள் அமர்ந்திருக்கும் நாம் பம்பில் ஒட்டியுள்ளதைப் படிப்பதில்லை. இறங்கிப் படியுங்கள்.

5. மின்பிறப்பாக்கியை மாதமொருமுறை ஓட்டிப் பாருங்கள். ஆனால் வீட்டினுள்ளோ கராஜினுள்ளோ ஒருபோதும் ஓட்டாதீர்கள். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு மணமற்ற நஞ்சு. உறங்குவோரை எழுப்பாமலே கொல்லும்.

மாணவர்களே, இன்று வீடு சென்றதும் தந்தையாருடனோ தாயாருடனோ கராஜுக்குச் சென்று, "இதற்குள் இருக்கும் பெற்றோல் எப்போது வாங்கியது?" என ஒரு வினா எழுப்புங்கள். விடை தெரியாவிடின், அடுத்த புயலுக்குமுன் செய்யவேண்டிய வேலை அங்கே காத்திருக்கின்றது.