வேகக் காருக்கு ஒரு பூட்டுப் போதாது

மதுரையிலிருந்து விருதுநகர், சாத்தூர் வழியாகத் தெற்கே இறங்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஒரு காலத்தில் பருத்தியையும் மிளகாய் வற்றலையும் தீப்பெட்டிப் பண்டல்களையும் பட்டாசுப் பெட்டிகளையும் சுமந்த லாரிகளே பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்தன. இன்று அந்த லாரிகளுக்கு இடையே, நின்ற நிலையிலிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைச் சில விநாடிகளில் எட்டிவிடும் சக்தி வாய்ந்த கார்களும் சாதாரணமாகக் கண்ணில் படுகின்றன. 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த ஐய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரின் முயற்சியால் வேரூன்றி, பட்டாசு, அச்சு என்று கிளைத்துப் பரந்த சிவகாசியின் தொழில் வளத்தில், கடும் உழைப்புக்குப் பின் தாம் விரும்பிய காரை வாங்கி ஓட்டும் ஆசை ஒரு தலைமுறைக்கு வந்திருப்பதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய அந்த யந்திரத்தை இரவில் வாசலில் நிறுத்தி, சாவியின் பொத்தானை அழுத்தி, விளக்கு மின்னியதைப் பார்த்த மாத்திரத்தில் பூட்டியாயிற்று என்று உறங்கச் செல்கிறவர்கள், அந்தப் பூட்டு எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்பதை அறிந்துகொள்வது அவசியம்.

திருடன் நாடுவது எதை?

வேகக் கார் என்றால் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்திறங்கும் கோடி ரூபாய் வாகனம் மட்டுமே என்று எண்ணுவது இன்று பொருந்தாது. செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கிவரும் பி.எம்.டபிள்யூ. ஆலையில், நூறு கிலோமீட்டர் வேகத்தை 4.4 விநாடியில் எட்டும் எம்340ஐ என்னும் கார் 2021 முதல் ஒருங்கிணைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஹூண்டாய் நிறுவனம் தன் ஸ்ரீபெரும்புதூர் ஆலையிலிருந்து ஐ20 என்-லைன் என்ற, டர்போ எஞ்சின் பொருத்திய சிறிய காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலையில் இவ்விரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான பேதம் உண்டெனினும், திருடனுடைய கண்ணில் இரண்டுக்கும் பொதுவான ஒரு கவர்ச்சி இருக்கிறது. முழுக் காராக விற்க முடியாவிட்டாலும், அலாய் சக்கரம், டர்போ, முகப்பு விளக்கு, எஞ்சினை ஆளும் மின்னணுப் பெட்டி, இருக்கை, தொடுதிரை என்று பிரித்து விற்றாலே பெருந்தொகை கிடைத்துவிடும். விபத்தில் அடியோடு சிதைந்து, காப்பீட்டு வழக்கில் ‘டோட்டல் லாஸ்’ என்று தள்ளப்பட்ட ஒரு காரின் ஆர்.சி.யையும் சேசிஸ் எண்ணையும் விலைக்கு வாங்கி, அதே ரகத்தைச் சேர்ந்த திருட்டுக் காருக்கு அவற்றைச் சூட்டிவிடும் வஞ்சகமும் இந்தத் தொழிலில் நெடுநாளாக நடந்துவருகிறது.

இவையெல்லாம் தூரதேசத்துக் கதைகள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2025-ஆம் ஆண்டில் சென்னை அண்ணா நகர்ப் பகுதியில் வீட்டு வாசலில் நின்ற ஒரு சொகுசுக் கார், கண்ணாடியில் ஒரு கீறலும் விழாமல், மின்னணுக் கருவியின் உதவியால் சில நிமிஷங்களில் திறந்து ஓட்டிச் செல்லப்பட்டது. கண்காணிப்புக் காமிராப் பதிவைப் பின்தொடர்ந்த காவல் துறையினர் ராஜஸ்தானைச் சேர்ந்த ஒருவரைப் புதுச்சேரியில் கைது செய்து, அவர் பல ஆண்டுகளாகப் பல மாநிலங்களில் இத்தகைய கார்களைக் களவாடி வந்தவர் என்று தெரிவித்தனர்.

இரும்பிலிருந்து இரகசிய எண்ணுக்கு

பழைய அம்பாசடர் காலத்துச் சாவி, பல் வெட்டிய ஓர் இரும்புத் துண்டு. அதைத் திருப்பினால் மின்சுற்று இணையும், எஞ்சின் கிளம்பும். கம்பிகளை உருவி நேரே இணைத்தாலும் அதே பலன் கிட்டும். இந்தப் பலவீனத்தை நீக்கவே ‘இம்மொபிலைசர்’ என்ற சாதனம் பிறந்தது. சாவியின் தலைக்குள் பதித்திருக்கும் சிறு சில்லு ஓர் இரகசிய எண்ணைக் காருக்குச் சொல்ல, கார் அதைச் சரிபார்த்த பின்னரே எரிபொருளும் தீப்பொறியும் எஞ்சினுக்குச் செல்ல அனுமதி கிடைக்கும். ஐரோப்பாவில் 1998 முதலும், கனடாவில் 2007 முதலும் புதிய கார்களில் இது கட்டாயமாயிற்று. அமெரிக்காவில் அத்தகைய கட்டாயம் இல்லாமையால், அங்கே இச்சாதனமின்றி விற்கப்பட்ட ஹூண்டாய், கியா கார்களை இளைஞர்கள் யு.எஸ்.பி. கம்பியின் முனையைக் கொண்டே கிளப்பிச் செல்லத் தொடங்கினர். அந்த விபரீதம் முற்றி, 2023-இல் சுமார் 83 லட்சம் கார்களுக்கு அந்நிறுவனங்கள் இலவசமாக மென்பொருள் மாற்றம் அளிக்க நேர்ந்தது.

இம்மொபிலைசர் சிறந்த காவல் என்பதில் சந்தேகமில்லை. எனினும் இரும்பை உடைக்க வேண்டிய திருடன் இப்போது இரகசிய எண்ணைக் கவர்ந்தால் போதும் என்றாகிவிட்டது. அதற்கு அவன் கையாளும் மார்க்கங்கள் முக்கியமாக மூன்று.

முதலாவது, சாவியின் குரலை நீட்டுவது. பையிலேயே சாவி இருக்க, கைப்பிடியைத் தொட்டதும் கதவு திறக்கும் கார்களில், கார் மெல்லிய வானொலிச் சமிக்ஞையால் சாவியை விசாரிக்க, ஓரிரு மீட்டர் தூரத்துக்குள் இருக்கும் சாவி விடையளிக்கிறது. ஒருவன் காரின் அருகிலும் மற்றொருவன் வீட்டுச் சுவரோரத்திலும் கருவியோடு நின்று அந்தச் சமிக்ஞையை இங்குமங்கும் கடத்தினால், உள்ளறையில் ஆணியில் தொங்கும் சாவி தன் பக்கத்திலேயே இருப்பதாகக் கார் நம்பிவிடும். சூரிச் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2011-இலேயே எட்டு நிறுவனங்களின் பத்து ரகக் கார்களில் இதை நிரூபித்துக் காட்டினர்.

இரண்டாவது, புதுச் சாவியைப் பழக்குவது. மெக்கானிக் பழுது பார்ப்பதற்காக ஸ்டியரிங்குக்குக் கீழே அமைந்துள்ள ஓ.பி.டி. துளையில் கருவியைச் செருகி, வெற்றுச் சாவி ஒன்றை அக்காருக்கு உரியதாகப் பதிவு செய்துவிடுகிறார்கள். சாவி தொலைந்துபோன நியாயமான உரிமையாளருக்கு வேண்டிய இந்த வசதியே களவுக்கும் வாசலாகிறது.

மூன்றாவது மிக நுட்பமானது. இன்றைய காரின் மின்னணு உறுப்புகள் பெரும்பாலும் ‘கேன்’ என்ற தகவல் கம்பிச் சரட்டில் பேசிக்கொள்கின்றன. 1986-இல் போஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்த முறையில், பேசுவது யார் என்று விசாரிக்கும் ஏற்பாடு ஆதியில் இல்லை. முன்விளக்கின் பின்புறத்தில் அந்தச் சரட்டை எட்டிப் பிடித்து, ‘சாவி சரியானதே’ என்ற பொய்ச் செய்தியைப் புகுத்தினால் கார் கீழ்ப்படிகிறது. 2022-இல் லண்டனில் ஒரு வாகனப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளரின் சொந்தக் காரே இவ்வாறு களவு போக, அதன் காரணம் ஆராயப்பட்டு அடுத்த ஆண்டில் உலகறிய வெளியாயிற்று.

பட்டாசுப் பூமி அறிந்த பாடம்

இந்த மூன்றையும் சீர்தூக்கிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். மின்னணுப் பூட்டு எவ்வளவு நுட்பமாயினும் அது ஒரே பூட்டு. அது வீழ்ந்தால் அனைத்தும் வீழும். பட்டாசுத் தொழிற்சாலைகளில் கலவை அறை வேறு, மருந்து செலுத்தும் அறை வேறு, இருப்பறை வேறு என்று இடைவெளி விட்டு நிறுத்தி, ஓர் அறையில் நேரும் தீங்கு மற்றோர் அறைக்குத் தாவாதபடி விதி வகுத்திருப்பதும், அவ்விதி மீறப்பட்ட இடங்களில் எத்தனையோ குடும்பங்கள் கண்ணீர் வடித்திருப்பதும் விருதுநகர் மாவட்டத்தார் அறியாதவை அல்ல. உயிரைக் காக்க வகுத்த அந்தத் தத்துவத்தைப் பொருளைக் காப்பதற்கும் கைக்கொள்ளலாம்: ஒன்றையொன்று சாராத, வெவ்வேறு குணமுள்ள காவல்கள் பல இருக்க வேண்டும்.

அவற்றுள் முதலாவது, சாவியை ஊமையாக்குவது. உலோக இழை நெய்த உறையிலோ, இறுக மூடும் உலோக டப்பாவிலோ சாவியை இட்டால் சமிக்ஞை வெளியேறாது. மைக்கேல் ஃபாரடே 1836-இல் கண்டறிந்த தத்துவம் இது. உறை வேலை செய்கிறதா என்பதை, சாவியை அதற்குள் இட்டுக் காரின் அருகில் நின்று கதவைத் திறக்க முயன்றே பரீட்சிக்கலாம். இரண்டாம் சாவியையும் மறவாமல் உறையில் இட வேண்டும். சில கார்களில் சாவியில்லாத் திறப்பை அமைப்புப் பட்டியலிலேயே நிறுத்திவைக்கலாம். அசையாதிருக்கும்போது தானே உறங்கிவிடும் சாவிகளும், சமிக்ஞை வந்துசேரும் காலத்தை அளந்து தூரத்தைக் கணக்கிடும் சாவிகளும் புதிய ரகங்களில் வந்துள்ளன.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியும் இரும்பு. ஸ்டியரிங்கில் பூட்டும் தடித்த தண்டும் சக்கரத்தைக் கவ்வும் பூட்டும் பழமையானவை என்று இகழத் தக்கவை அல்ல. கணினிக் கருவியுடன் வந்தவன் அறுக்கும் இயந்திரத்தையும் சுமந்து வந்து தெருவறியச் சத்தமிட வேண்டிய நிர்ப்பந்தத்தை அவை உண்டாக்குகின்றன.

மூன்றாவது, உரிமையாளரின் ஞாபகத்தில் மட்டும் இருக்கும் காவல். காரிலுள்ள பொத்தான்களைத் தாம் விதித்த வரிசையில் அழுத்தினாலன்றி எஞ்சின் கிளம்பாதபடி செய்யும் கூடுதல் இம்மொபிலைசர்கள் உள்ளன. சாவியைக் கவர்ந்தவனுக்கும் அந்த வரிசை தெரியாது. ஆனால் இதைப் பொருத்துவது தேர்ந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியனின் வேலை. கண்டபடி கம்பியை வெட்டி ஒட்டினால் தீப்பிடிக்கும் அபாயமும், வாரண்டி பறிபோகும் நஷ்டமும் உண்டு. கார் கிளம்புவதைத் தடுக்கும் சாதனமே தகும். ஓடும்போது எஞ்சினை நிறுத்திவிடும் சுவிட்ச், நெடுஞ்சாலையில் உயிருக்கே உலை வைக்கும்.

நான்காவது, போன காரைத் தேடித் தரும் ஜி.பி.எஸ். கருவி. சமிக்ஞையைக் கெடுக்கும் கருவிகளையும் திருடர்கள் கையாளுவதால், மின்கலத்தோடு கூடிய இரண்டாவது கருவி ஒன்றை வேறிடத்தில் மறைத்துவைப்பது நலம். அதன் சிம் கார்டுக்குக் காலாகாலத்தில் ரீசார்ஜ் செய்ய மறந்தால், வேண்டிய நாளில் அது பேசாது.

சாவியைக் கைமாற்றும் இடங்கள்

நம் ஊர்களில் மின்னணுக் கருவியைவிட அதிகமாக அஞ்ச வேண்டியது, நாமே சாவியை நீட்டும் பழக்கம். சிவகாசி பத்திரகாளியம்மன் சித்திரைப் பொங்கலுக்கும், விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலுக்கும், ஆடி மாத இருக்கன்குடித் திருவிழாவுக்கும், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேருக்கும் ஆயிரக்கணக்கில் வாகனங்கள் திரளும்போது, ‘சாவியைக் கொடுங்க அண்ணாச்சி, நான் ஒதுக்கி நிறுத்திக்கிடுறேன்’ என்று கேட்பவர் யார் என்று விசாரிக்காமல் கொடுத்துவிடுகிறோம். கல்யாண மண்டபம், வாட்டர் சர்வீஸ், டிங்கரிங் பட்டறை, எஞ்சினின் சக்தியைக் கூட்டித்தரும் கடை ஆகிய அனைத்திலும் இதே நிலைதான். சாவி பிறர் கையில் இருக்கும் சில மணி நேரம், நகல் எடுப்பதற்குப் போதுமான அவகாசம். வாலே பார்க்கிங் ஊழியர் மட்டும் ஓட்டுவதற்கென வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு காரில் இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும்.

தில்லியின் நட்சத்திர ஓட்டல் ஒன்றில் 1998-இல் வாலே ஊழியரிடம் ஒப்படைத்த கார் களவு போன வழக்கில், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஓட்டலின் பொறுப்பை உறுதி செய்தது. ‘வாகனம் உரிமையாளரின் பொறுப்பில்’ என்று சீட்டில் அச்சிட்டுவிட்டு, தன் அஜாக்கிரதையின் விளைவிலிருந்து ஓட்டல் தப்ப முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். ஆகவே வாலே சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பது உரிமையைக் காக்கும் செயலாகும்.

பழைய கார் வாங்குகிறவர் இரண்டு சாவிகளையும் கேட்டுப் பெற்று, சேவை நிலையத்தில் பழைய பதிவுகளையெல்லாம் அழித்துத் தம் சாவிகளை மட்டும் பதியச் சொல்ல வேண்டும். ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் உலோகத்தில் பொறித்திருப்பவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமான உயர் பாதுகாப்பு எண் பலகையில் லேசர் கதிரால் பொறித்த தனி எண் உண்டு; அதையும் பார்க்க வேண்டும். டி.என். 67, டி.என். 95 என்ற நம் வட்டாரப் பதிவு எழுத்துகள் இருப்பதால் மட்டும் ஒரு கார் நம்மூர்க் காராகிவிடாது.

களவு போனால்

112-க்கு அழைத்து, காவல் நிலையத்தில் உடனே முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வதே முதற் கடமை. இன்னொரு நிலையத்தின் எல்லை என்று கூறி யாரும் திருப்பியனுப்பக் கூடாது, எந்த நிலையத்திலும் புகாரைப் பதியலாம் என்பது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் இடம்பெற்றுள்ள விதி. ஃபாஸ்டாக் கணக்கில் கடைசியாகக் கட்டணம் கழிந்தது எட்டூர்வட்டம் சுங்கச்சாவடியிலா, கப்பலூரிலா என்று கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தியைக் காட்டினால், வாகனம் எத்திசையில் சென்றது என்பது காவலர்க்குத் தெரியும். அடுத்து காப்பீட்டு நிறுவனத்துக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். போலீஸ் புகார் உடனே பதிவாகியிருக்கையில், காப்பீட்டாளருக்குச் சொல்லத் தாமதித்தது ஒன்றையே காரணமாகக் காட்டி இழப்பீட்டை மறுக்கலாகாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு டிராக்டர் திருட்டு வழக்கில் கூறியுள்ளது; எனினும் தாமதிக்காதிருப்பதே விவேகம்.

மூன்றாம் நபர் காப்பீட்டில் திருட்டுக்கு இழப்பீடு கிடையாது. முழுக் காப்பீடு அவசியம். அதிலும் கிடைப்பது தேய்மானம் கழித்த மதிப்பே என்பதால், வாங்கிய விலை முழுவதும் வேண்டுவோர் அதற்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியே எடுக்க வேண்டும். எஞ்சினிலோ சக்கரத்திலோ செய்த மாற்றங்களை முன்கூட்டியே அறிவிக்காவிட்டால் உரிய நேரத்தில் வழக்கு எழும். இரண்டு அசல் சாவிகளையும் காப்பீட்டார் கேட்பார்கள்.

கடைசிப் பூட்டு

இத்தனை காவல்களுக்கும் அப்பால் ஒன்று உண்டு. அது சந்தையின் கையில் இருக்கிறது. பில் இல்லாமல் பாதி விலைக்குக் கிடைக்கும் அலாய் சக்கரத்தையும் முகப்பு விளக்கையும் வாங்குகிற ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, இன்னொருவர் வாசலில் நிற்கும் காருக்கு விலை பேசுகிறார். திருட்டுப் பொருள் என்று அறிந்து வாங்குவதும் வைத்திருப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரிய குற்றம். பருப்புக்கும் வற்றலுக்கும் தமிழ்நாடெங்கும் நாளிதழ்கள் விலை கேட்டு அச்சிடும் அளவுக்கு வியாபாரத்தில் நாணயம் ஈட்டிய ஊர் விருதுநகர். அந்த நாணயத்தை உதிரிபாகக் கடைக்கும் கொண்டுசென்று, பில்லும் மூலமும் கேளாமல் ஒரு பொருளையும் தொடுவதில்லை என்று இம்மாவட்டத்தார் உறுதி பூண்டால், இந்தக் களவுத் தொழிலுக்கு இங்கே லாபம் இராது; லாபம் இல்லாத தொழிலை யாரும் நெடுநாள் நடத்துவதில்லை.