உழவு யந்திரத்தின் முன்னச்சு: அகன்றதும் ஒடுங்கியதும்

காலபோக மழை கனக்குமுன் நிலத்தைப் பண்படுத்தி விதைப்பை முடித்தல் வேண்டும் என்னும் அவசரத்தை வன்னிக் கமக்காரர் அனைவரும் அறிவர். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, பாவற்குளம் ஆகியவற்றின் கீழுள்ள வயல்களிலும், அவற்றைச் சூழ்ந்த மேட்டுக்காணிகளிலும், அக்காலத்தில் உழவு யந்திரங்கள் இரவு பகலாக ஓடுகின்றன. வரம்பு ஏறுதல், வாய்க்கால் கடத்தல், குளக்கட்டின் ஓரமாகச் செல்லுதல், சேற்றிலிருந்து கரையேறுதல் ஆகிய யாவும் ஒரே நாளில் ஒரே யந்திரத்தினாற் செய்யப்படுகின்றன. அவ்வேளைகளில் யந்திரம் புரளாது நிற்பதற்கும், பயிர்வரிசைகளை மிதியாது செல்வதற்கும் அதன் முன்னச்சின் அமைப்பு ஒரு காரணமாகும். ஆயினும் அவ்வமைப்பைப் பற்றித் தவறான நம்பிக்கை ஒன்று பலரிடம் உண்டு. முன்சில்லுகள் அகன்று நின்றால் யந்திரம் புரளாது என்பதே அந்நம்பிக்கை. அது எவ்வளவுக்கு உண்மை, எவ்விடத்திற் பொய்க்கும் என்பதை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

இருவகை முன்னச்சுகள்

ஓர் அச்சிலுள்ள இரு சில்லுகளின் நடுவிலிருந்து நடுவுக்குள்ள தூரத்தை இங்கே சில்லிடை எனக் குறிப்பிடுவோம். அகன்ற முன்னச்சில் முன்சில்லிடையும் பின்சில்லிடையும் ஏறக்குறைய ஒரே அளவின. முன்சில்லுகள் பின்சில்லுகளின் தடத்திலேயே செல்லும். ஒடுங்கிய முன்னச்சில், இரு சிறு சில்லுகள் யந்திரத்தின் மூக்கின்கீழ் நெருங்கி நிற்கும். சிலவற்றில் ஒரே சில்லு மட்டும் நடுவில் இருக்கும். தூரத்திலிருந்து நோக்குவோருக்கு அது முச்சில்லு வண்டிபோலவே தோன்றும்.

நம் வயல்களில் எங்கும் காணப்படும் இருசில்லு யந்திரத்திற்கு, அதாவது லாண்ட்மாஸ்டர் என மக்கள் வழங்குவதற்கு, முன்னச்சு இல்லை. ஆதலின் இங்குக் கூறப்படுவன நாற்சில்லு யந்திரங்களைப் பற்றியனவே.

ஒடுங்கிய அச்சுத் தோன்றிய காரணம்

ஒடுங்கிய முன்னச்சு அமெரிக்க நாட்டின் சோளக் காணிகளுக்கும் பருத்திக் காணிகளுக்கும் ஏற்றதாகப் பரவியது. இன்ரர்நாசனல் ஹார்வெஸ்ரர் கம்பனியார் 1924ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த பார்மோல் யந்திரம் அவ்வகைக்குப் பெயர்பெற்றது. அந்நாளில் அங்குப் பயிர்வரிசைகளின் இடைவெளி, குதிரை நடந்து செல்வதற்குப் போதிய 40 முதல் 42 அங்குலமாக இருந்தது. யந்திரத்தின் பின்சில்லுகள் இரு வரிசைகளுக்கும் வெளியே செல்ல, முன்சில்லுகள் அவ்விரு வரிசைகளுக்கும் நடுவே சென்றன. களை கொத்தும் கருவி சாரதியின் கண்முன்னே யந்திரத்தின் உடலிற் பூட்டப்பட்டமையால், பயிரை வெட்டாது களையை நீக்க முடிந்தது. வரிசையின் முடிவில் மிகக் குறுகிய இடத்தில் யந்திரத்தைத் திருப்பவும் முடிந்தது.

பின்னர் வரிசை இடைவெளி குறுகிற்று, களைநாசினிகள் வந்தன, கருவிகள் யந்திரத்தின் பின்புறத்திற் பூட்டப்பட்டன. முன்புறத்திற் பாரம் தூக்கும் கருவிகளும் சேர்ந்தன. இக்காரணங்களால் ஒடுங்கிய அச்சின் தேவை குறைந்தது. இன்று விற்கப்படும் நாற்சில்லு யந்திரங்களிற் பெரும்பாலானவை அகன்ற முன்னச்சு உடையவையே.

வன்னி நிலத்திற்கு ஏற்றது எது?

நம் நிலத்திற்கு அகன்ற முன்னச்சே ஏற்றதாகும். அதற்குரிய காரணங்கள் வருமாறு:

முதலாவது, ஈரவயலில் ஒடுங்கிய சில்லுகளுக்கிடையே சேறும் வைக்கோலும் அடைபட்டு அவற்றைச் சுழலவொட்டாது தடுக்கும். முன்பாரம் முழுவதும் ஒரே இடத்தில் விழுவதால் மூக்குப் புதையும். அகன்ற சில்லுகளிற் பாரம் இருபக்கமும் பிரிகின்றது.

இரண்டாவது, ஒடுங்கிய அச்சுள்ள யந்திரம் மூன்று தடங்களை இடும். அகன்றது இரண்டையே இடும். வாய்க்காலின்மேல் இரு பலகை இட்டு அமைத்த தற்காலிகப் பாலத்தைக் கடத்தற்கும், நடுவில் மேடிட்ட வண்டிப்பாதையிற் செல்லுதற்கும் இரு தடமே வசதியானது.

மூன்றாவது, மேட்டுக்காணியில் உயர்பாத்தி அமைத்து மிளகாய் நடுவோர் பாத்தியைச் சில்லுகளுக்கிடையே விட்டு யந்திரத்தைச் செலுத்தலாம். ஒடுங்கிய சில்லோ அப்பாத்தியின் நடுவையே மிதிக்கும்.

ஒடுங்கிய அச்சுக்குள்ள ஒரு பெருஞ்சிறப்பு, குறுகிய இடத்தில் திரும்பும் ஆற்றலாகும். சிறு வயற்றுண்டுகளில் இது பயன்படுமென்பது மெய்யே. ஆயினும் கடுந்திருப்பமே யந்திரம் புரள்வதற்கும் ஒரு வழியாகலின், அச்சிறப்பை அளவுகடந்து மெச்சுதற்கில்லை.

அகன்ற அச்சைப் பற்றிய தவறான நம்பிக்கை

கமக்காரர் ஊன்றிக் கவனிக்கவேண்டிய பகுதி இதுவே. அகன்ற முன்னச்சு யந்திரத்தின் உடலோடு இறுகப் பிணைக்கப்பட்டதன்று. அதன் நடுவில் ஒரு முளை உண்டு. அம்முளையைப் பற்றிக்கொண்டு அச்சு துலாக்கோல்போல இருபக்கமும் ஏறி இறங்கும். ஒரு முன்சில்லு வரம்பில் ஏறும்போதும் சாரதியின் இருக்கை சரியாதிருப்பது இதனாலேயே. அவ்வாறு ஆடுவதற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையில் அச்சு தடைக்கட்டையில் முட்டி நிற்கும்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை யாது? அச்சு தடையில் முட்டும்வரை முன்சில்லுகளின் அகலம் யந்திரத்தைப் பக்கவாட்டில் தாங்குவதில்லை. அதுவரை யந்திரம் இரு பின்சில்லுகளிலும் நடு முளையிலுமாக மூன்று புள்ளிகளிலேயே நிற்கின்றது. ஆகவே, சரிவின் தொடக்கத்தில் அகன்ற அச்சுள்ள யந்திரமும் முக்காலியே. அச்சு தடையில் முட்டிய பின்னரே அகன்ற சில்லு ஊன்றுகோலாகின்றது. யந்திரம் மெல்லச் சென்றால் அவ்வூன்றுகோல் காப்பாற்றக்கூடும். விரைந்து சென்றால் சரிந்த வேகமே அதனையும் தாண்டிப் புரட்டிவிடும்.

ஆதலாற் பக்கவாட்டு உறுதியைத் தருவன முக்கியமாக மூன்று. அவை பின்சில்லிடையின் அகலம், பாரம் தாழ்ந்திருத்தல், வேகம் குறைந்திருத்தல் என்பன. இவற்றுள் வேகமே சாரதியின் கையில் எப்பொழுதும் உள்ளது. வேகத்தை இருமடங்காக்கித் திரும்பினால், யந்திரத்தை வெளிப்புறமாகத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதை மறத்தலாகாது.

பின்புறமாகப் புரளுதல்

முன்னச்சு எவ்வளவு அகன்றிருப்பினும் பயன்படாத ஆபத்து ஒன்று உண்டு. பின்சில்லுகள் சேற்றிற் புதைந்து சுழலாது நிற்கையில், சாரதி கிளச்சைச் சட்டென விடுத்தால், எஞ்சினின் விசை சில்லைச் சுழற்றாது யந்திரத்தின் உடலையே பின்னச்சைப் பற்றி மேலே தூக்கும். மூக்கு எழுந்து யந்திரம் சாரதியின்மேல் மல்லாந்து விழுவதற்கு ஒன்றரை வினாடியே போதும். பாய்ந்து தப்புதற்கு அவகாசம் இராது.

புதைந்த சில்லோடு மரக்குற்றியைக் கட்டி முன்னோக்கி ஏற முயல்வது இவ்வாபத்தை வலிய அழைப்பதாகும். அதனை ஒருபோதும் செய்யற்க. முதலிற் பின்னோக்கி வரமுயல்க. சில்லின்முன் உள்ள சேற்றை வெட்டியகற்றுக. இயலாவிடின் வேறொரு யந்திரத்தைக்கொண்டு இழுப்பிக்க. எதனை இழுப்பதாயினும் சங்கிலியைத் தாழ்ந்த இழுவைச் சட்டத்திலேயே பூட்டவேண்டும். பின்னச்சிலோ மேலிணைப்பிலோ பூட்டுதல் கூடாது.

வரிசைக்கேற்பச் சில்லிடையை அமைத்தல்

அகன்ற முன்னச்சுகள் பலவற்றின் சில்லிடையைக் கூட்டவும் குறைக்கவும் இயலும். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவென்றி நகரிற் செய்யப்பட்ட பேர்குசன் யந்திரத்தில், அதனை 48 அங்குலம் முதல் 76 அங்குலம் வரை நந்நான்கு அங்குலமாக மாற்றலாம். அதன் வழிவந்த மசி பேர்குசன் 35, 135 ஆகியனவற்றிலும் இவ்வாறு மாற்றும் வசதி உண்டு. நாற்சில்லும் உந்தும் புதிய யந்திரங்களின் முன்னச்சு வேறு வகையானது. அதனைக் கைநூல் கூறியவாறன்றி மாற்றுதல் தகாது.

சில்லுகள் வரிசைகளின் நடுவே செல்லவேண்டுமாயின், சில்லிடை வரிசை இடைவெளியின் மடங்காக இருத்தல் வேண்டும். இதற்கு உதாரணம்:

மிளகாய், சோளம் (வரிசை இடைவெளி 60 சதமமீற்றர், அதாவது ஏறக்குறைய 24 அங்குலம்): இரு வரிசைகளை உள்ளடக்க 48 அங்குலம், மூன்று வரிசைகளை உள்ளடக்க 72 அங்குலம்.

கச்சான் (வரிசை இடைவெளி 45 சதமமீற்றர், அதாவது ஏறக்குறைய 18 அங்குலம்): மூன்று வரிசைகளை உள்ளடக்க ஏறக்குறைய 54 அங்குலம்.

ஒரே பயிருக்கு இரு அளவுகள் பொருந்துமிடத்து, சரிவான காணியில் அகன்ற அளவையே தெரிந்தெடுக்க. முன்சில்லிடையை மட்டும் கூட்டிப் பின்சில்லிடையைக் குறுகவிடுதல் வீணாம்; மேலே கூறியபடி உறுதியைத் தருவது பின்னதே. அகலத்தைக் கூட்டுவதாயினும் யந்திரக் கைநூலில் விதித்த எல்லையைக் கடத்தல் கூடாது. கடந்தால் அச்சும் சில்லுக்குடமும் தேய்ந்து முறியும்.

மாற்றும் முறை

1. யந்திரத்தை இறுகிய சமநிலத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, பிறேக்கை இட்டு, பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க.

2. மரையாணிகளைச் சிறிது தளர்த்திய பின்னர் முன்புறத்தை ஜக்கினால் உயர்த்துக. ஜக்கை மட்டும் நம்பாது, உறுதியான மரக்கட்டைகளால் முட்டுக்கொடுக்க.

3. இருபக்கக் கைகளையும் ஒரே எண்ணிக்கையான துளைகளுக்கு நகர்த்துக. ஒரு பக்கம் மட்டும் நீண்டிருந்தால் யந்திரம் அப்பக்கம் இழுக்கும்.

4. மரையாணிகள் யாவற்றையும் மீண்டும் இட்டு இறுக்குக. ஓராணியேனும் குறைந்த நிலையில் ஓட்டற்க.

5. முன்சில்லுகளின் முன்விளிம்புகளுக்கிடையேயும் பின்விளிம்புகளுக்கிடையேயும் உள்ள தூரத்தை அளந்து, கைநூலிற் கூறிய அளவோடு ஒப்பிடுக. வேறுபடின் சுக்கான் தண்டுகளைச் சரிசெய்க.

6. சில மணிநேரம் உழுதபின் ஆணிகளை மறுபடியும் இறுக்குக.

சேற்றுழவு நடைபெறும் காலத்தில் நடு முளைக்கும் சில்லு முளைகளுக்கும் நாள்தோறும் கிறீசு இடுதல் நன்று. தேய்ந்த முளையோடு வரம்பேறுதல் முறிவுக்கு இடமாகும்.

புரளாது காக்கும் வழிகள்

வரம்பைக் குறுக்கே நேராகக் கடக்க. சாய்வாக ஏறினால் ஒரு பின்சில்லு உயர்ந்து மற்றையது தாழும். உயர்ந்த வரம்பாயின் வெட்டிச் சரிவாக்கிய பின் கடக்க. ஏற்றம் கடுமையாயின் பின்னோக்கி ஏறுதலே பாதுகாப்பானது.

வாய்க்கால் ஓரத்திலும் குளக்கட்டின் விளிம்பிலும், பள்ளத்தின் ஆழத்திற்குக் குறையாத தூரம் விலகிச் செல்க. மழையில் நனைந்த ஓரம் பாரத்தைத் தாங்காது.

2009ஆம் ஆண்டின் பின்னர் மீள்குடியேற்றம் நடைபெற்ற காணிகளிற் போர்க்காலத்தில் வெட்டப்பட்டு, பின்னர் இளமண்ணால் மூடப்பட்ட பதுங்குகுழிகள் இருக்கக்கூடும். முதன்மழையில் அவை இறங்கி, ஒரு சில்லைச் சட்டென விழுங்கும். காணியை முதலில் நடந்து பார்த்து, அத்தகைய இடங்களிற் கம்பு நட்டு அடையாளமிடுக. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்யப்படாத காணியிற் காலும் வைத்தலாகாது, யந்திரத்தையும் இறக்கலாகாது.

தெருவிற் செல்லும்போது இரு பிறேக்கு மிதிகளையும் ஒன்றாகப் பிணைக்க. ஒன்று மட்டும் பிடித்தால், விரைந்து செல்லும் யந்திரம் நொடியிற் புரளும்.

மட்காட்டின்மேற் பிள்ளைகளையோ மற்றையோரையோ ஏற்றற்க. யந்திரத்தில் இருக்கை ஒன்றே. ஏறுபவரும் ஒருவரே ஆதல் வேண்டும்.

இயலுமாயின் பாதுகாப்புச் சட்டம் பூட்டிய யந்திரத்தையே வாங்குக. சுவீடன் தேசம் 1959ஆம் ஆண்டிலேயே புதிய யந்திரங்களுக்கு இதனைக் கட்டாயமாக்கியது; பின்னர் அங்கு யந்திரம் புரண்டு இறந்தோர் தொகை பெரிதும் குறைந்தது. சட்டம் உள்ள யந்திரத்தில் இருக்கைப்பட்டியையும் அணிதல் வேண்டும். பட்டி அணியாதவர் வெளியே வீசப்பட்டு, அச்சட்டத்தின் கீழேயே அகப்படுதல் கூடும்.

முடிவுரை

அகன்ற முன்னச்சு நம் வயலுக்கும் மேட்டுக்காணிக்கும் ஏற்றதென்பதில் ஐயமில்லை. ஆயினும் அது கமக்காரருக்குத் துணையேயன்றிக் காவலன் அன்று. சில்லிடையை வரிசைக்கும் நிலத்திற்கும் ஏற்ப அமைத்து, பின்சில்லுகளை அகற்றி வைத்து, வேகத்தை அடக்கிச் செலுத்துபவரே பயிரையும் யந்திரத்தையும் உயிரையும் ஒருங்கே காப்பவராவர். மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்திற் கண்டு ஆலோசனை பெறுவாராக.