சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும்: பாகுபலியின் இரு வடிவங்கள்

"படம் எவ்வளவு நேரம்?" குடும்பத்தோடு தியேட்டருக்குக் கிளம்பும்போது பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஒரே படம் இரண்டு நீளங்களில் வந்துவிட்டால் எதைப் பார்ப்பது? இதற்கு நம் இலக்கணத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது.

பவணந்தி முனிவர் நன்னூலில் நூலுக்குரிய பத்து அழகுகளையும் பத்துக் குற்றங்களையும் வகுத்தார். அவரை ஆதரித்த சீயகங்கன் நம் பெங்களூருக்கு அருகிலுள்ள கோலாரோடு தொடர்புடைய கங்க மரபினன் என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி. அழகுகளில் ஒன்று சுருங்கச் சொல்லல். குற்றங்களில் குன்றக் கூறலும் உண்டு, மிகைபடக் கூறலும் உண்டு. சுருக்குவது அழகு, குறைத்துவிடுவது குற்றம். இரண்டுக்கும் நடுவே மயிரிழைதான் இடைவெளி.

முதலில் வெளிநாட்டு உதாரணம் ஒன்று. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையின் மூன்றாம் படம் 2003இல் திரைக்கு வந்தபோது 201 நிமிடம். 2004இல் டிவிடியில் வந்த நீட்டிப்பு வடிவம் அதைவிட சுமார் 50 நிமிடம் அதிகம். இரண்டு படங்களில் மிரட்டிய மந்திரவாதி சாருமான், தியேட்டர் வடிவத்தில் கோபுரத்தில் அடைபட்டான் என்ற பேச்சோடு காணாமல் போகிறான். இது குன்றக் கூறல். நீட்டிப்பு வடிவம் அவன் முடிவைக் காட்டி அந்தக் குறையைத் தீர்த்தது. அதே வடிவத்தில் வரும் குடிப்போட்டிக் காட்சி சிரிக்க வைக்கும், ஆனால் கதைக்கு வேண்டியதில்லை. இது மிகைபடக் கூறல்.

நம் நாட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. எஸ்.எஸ். ராஜமௌலியின் 'பாகுபலி' 2015 ஜூலை 10இலும் இரண்டாம் பாகம் 2017 ஏப்ரல் 28இலும் வெளிவந்தன. இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய ஐந்தரை மணி நேரம். 2025 அக்டோபர் 31இல் இரண்டும் இணைந்து 'பாகுபலி: தி எபிக்' என்று ஒரே படமாக, சுமார் மூன்றே முக்கால் மணி நேரத்தில் வந்தன. நூறு நிமிடம் அளவுக்குக் கத்தரி!

அந்த நூறு நிமிடத்தில் என்ன போயிற்று? 'மனோகரி' பாடல் போயிற்று. கதைக்கு நஷ்டமில்லை, இது சுருங்கச் சொல்லல். தேவசேனா பாடும் 'கண்ணா நீ தூங்கடா' போயிற்று. கதை அறுபடவில்லை, ஆனால் வாளெடுத்த அந்தப் பெண்ணின் மென்மையைக் காட்டிய இடம் குறைந்தது. சிவு-அவந்திகா காதலின் பெரும்பகுதியும் 'பச்சைத் தீ நீயடா' பாடலும் போயின. தேவசேனாவை மீட்பது முதலில் அவந்திகாவின் பொறுப்பு. அவள்மேல் வைத்த காதலால்தான் சிவு அதைத் தன் தோளில் ஏற்றுக்கொள்கிறான். காதல் மெலிந்தால் அவன் மகிழ்மதிக்குப் போகும் காரணமும் மெலிகிறது. இதைக் குன்றக் கூறல் என்றே சொல்ல வேண்டும்.

கணக்கில் வராத வெட்டு இன்னொன்றும் உண்டு. "கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்னாரு?" என்று நாடே இருபத்தோரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தது. பெங்களூரில் நமக்குக் கூடுதல் கவலை. கட்டப்பாவாக நடித்த சத்யராஜ் பல ஆண்டுகளுக்கு முன் காவிரிப் பிரச்சினையில் பேசியதைக் காட்டிக் கன்னட அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. 2017 ஏப்ரலில் அவர் வருத்தம் தெரிவித்தார். எதிர்ப்பு தணிந்தது, படமும் குறித்த நாளில் வந்தது. புதிய வடிவத்தில் கேள்விக்கு அதே அமர்வில் பதில் கிடைத்துவிடுகிறது. கதை ஓட்டத்துக்கு இது நல்லதுதான். ஆனால் அந்தக் காத்திருப்பின் சுவை இன்றைய பிள்ளைகளுக்குக் கிடைக்காது.

ஆகவே நீளமானது நல்லது, குட்டையானது மோசம் என்று முடிவுகட்ட வேண்டாம். போன நிமிடங்கள் யாருடையவை என்று பாருங்கள். விடுமுறையில் பிள்ளைகளுக்கு இரண்டு வடிவத்தையும் தமிழிலேயே போட்டுக் காட்டி, "இதுல என்னடா விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். அவர்கள் யோசித்துத் தமிழில் பதில் சொல்லும்போது நன்னூலும் கொஞ்சம் உள்ளே போகும்.

இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கலாம். ஊரை விட்டு வந்த கதையை நாமும் பிள்ளைகளுக்குச் சுருக்கித்தான் சொல்கிறோம். அப்பா வேலை தேடி வந்தார், வீடு வாங்கினார் என்று முடித்துவிடுகிறோம். அம்மாவின் காட்சிகள் அதில் எத்தனை நிமிடம் மிஞ்சின?